கிட்டாரின் தாளக் கை

கிட்டாரின் மரப்பெட்டியைக் கையால் தட்டி, தந்திகளை அறைந்து, மெட்டும் தாளமும் ஒரே ஆளிடமிருந்து வரும்படி வாசிக்கும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியிருக்கிறது. மேடையில் ஒருவர் மட்டும் அமர்ந்திருக்க, பேஸ் டிரம், ஸ்நேர், பேஸ் கிட்டார், மெட்டு எல்லாம் ஒருசேரக் கேட்கின்றன. இதைக் கண்டு வியப்போர் ஒருபுறம். இது இசையல்ல, கைவித்தை என்று ஒதுக்குவோர் மறுபுறம். இரு தரப்பாரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். இது இணையக் காணொளிக் காலத்தில் பிறந்த புதுமை என்றே இருவரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. அதைத் திருத்திக்கொண்டால்தான் இந்த முறையின் நிறைகுறைகளைச் சரியாக எடைபோட முடியும். துணைக்குத் தாளக்கருவி இல்லாத இடங்களில் தாளத்தின் பொறுப்பைக் கிட்டார் தானே ஏற்பது அதன் நெடிய வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. ஆகவே கிட்டாரைத் தட்டலாமா கூடாதா என்று வாதிடுவதில் பயனில்லை. விழுகிற ஒவ்வோர் அடியும் இசை வாக்கியத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

பெட்டியும் கையும்

முதலில் கருவியைப் பார்ப்போம். எஃகுத் தந்திக் கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோ எடைக்கு ஈடான விசையோடு அதை இழுத்துக்கொண்டிருக்கின்றன. பலகையின் உட்புறம் ஒட்டிய மரச்சட்டங்கள் அந்த இழுவையைத் தாங்குகின்றன. மெல்லிய பலகை, அடைபட்ட காற்று, ஒரு துளை என்ற இந்த அமைப்பு எந்தத் தட்டலுக்கும் குரல் கொடுக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று வினாடிக்கு 100 அதிர்வுகளை ஒட்டியும், மேற்பலகை 200 அதிர்வுகளை ஒட்டியும் இயல்பாகவே வலுவாக அதிர்கின்றன. ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் அருகே உள்ளங்கையின் அடிப்பகுதி விழும்போது பேஸ் டிரம் போன்ற 'தும்' ஓசை எழுவது இதனால்தான். கையின் எந்தப் பகுதி படுகிறது என்பதும் முக்கியம். சதைப்பற்றுள்ள உள்ளங்கை மரத்தைத் தொட்டு விலகச் சற்று நேரம் எடுக்கிறது. அதனால் உயர் அதிர்வுகள் அமுங்கித் தாழ்ந்தவை மட்டும் எழுகின்றன. நகமோ விரல் கணுவோ தொட்ட கணமே விலகிவிடுவதால் ஓசை கூர்மையாகிறது. ஓரங்களிலும் பக்கப்பலகையிலும் மரம் விறைப்பாக இருப்பதால் அங்கே ஓசை இன்னும் மேலேறும். இப்படி ஒரு சாண் தூரத்துக்குள் நான்கைந்து வெவ்வேறு குரல்களை ஒரு கை எடுத்துவிட முடியும்.

மரத்தில் விழும் அடிகள் ஒரு வகை என்றால் தந்திகளில் விழும் அடிகள் இன்னொரு வகை. இன்று தொடக்க மாணவர்கள் முதலில் கற்பது பெருவிரலின் பக்கவாட்டால் தடித்த தந்திகளை அறைவது. தந்தி ஃபிரெட் கம்பிகளில் மோதிச் 'சட்' என்ற ஓசை தருகிறது. நான்கு எண்ணிக்கைத் தாளத்தின் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் இது ஸ்நேர் டிரம்மின் வேலையைச் செய்கிறது. அதே அறை, அதுவரை ஒலித்துக்கொண்டிருந்த தந்திகளை நிறுத்தவும் செய்கிறது. ஓசையை எழுப்புவதோடு ஓர் ஒலியின் முடிவையும் அது தீர்மானிக்கிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலால் சுண்டி அடித்தால் மணி போன்ற ஹார்மோனிக்ஸ் ஒலி எழும். இங்கே அடியே சுரமாகிறது. இடக்கை விரல் தந்தியை ஃபிரெட்டின் மேல் ஓங்கி வைத்து ஒலி எழுப்புவது ஹேமர்-ஆன். அழுத்திய விரலைச் சுண்டி எடுத்து ஒலி எழுப்புவது புல்-ஆஃப். மரத்தின் ஓசை உடனே அடங்கிவிடும். தந்தியின் ஓசை நீளும். பெட்டியைத் தட்டும்போது அடக்காமல் விட்ட தந்திகளும் மெல்லக் கூடவே அதிர்கின்றன. அதனால் தந்திகளை ஒரு கார்டுக்கு ஏற்பச் சுருதி மாற்றி வைத்தால், வெறும் தட்டலின் பின்னாலும் அந்தக் கார்டின் நிழல் கேட்கும். இந்த முறையில் வாசிப்போர் பலரும் வழக்கமான ட்யூனிங்கை விட்டு வேறு ட்யூனிங்குகளை நாடுவதற்கு இது ஒரு காரணம்.

தாளம் சுமந்த மரபுகள்

வரலாற்றில் பின்னோக்கிச் சென்றால், கிட்டார் மெட்டுக்கருவியாக மதிப்புப் பெறுவதற்கு முன்பே தாளக்கருவியாகப் பேர் பெற்றிருந்தது தெரிகிறது. ஜிரோலமோ மோன்டெசார்டோ 1606இல் இத்தாலியில் வெளியிட்ட நூல், ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்து, கை மேலும் கீழும் வீசும் அடிகளைக் கோடுகளால் குறித்தது. அக்காலத்து ஐந்து இணைத் தந்திக் கிட்டார் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் துணையாக வீச்சடி முறையில் வாசிக்கப்பட்டது. கற்றவர்கள் மதித்த லூட் கருவியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது அந்த வீச்சடிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்பானிய இசைமேதை ஃபிரான்சிஸ்கோ தார்ரெகா (1852–1909) தம் 'கிரான் ஹோட்டா' என்ற படைப்பில் இரண்டு தடித்த தந்திகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே இழுத்து வைத்து மீட்டும்படி எழுதினார். ராணுவ முரசின் கரகரப்பு அப்படியே எழும். பிரிட்ஜுக்கு அருகே பெருவிரலால் தந்திகளை அடிக்கும் 'தம்போரா' முறையும் செவ்வியல் கிட்டாரின் சொத்து. 1976இல் அர்ஜென்டினாவின் ஆல்பெர்ட்டோ ஹினாஸ்டெரா எழுதிய கிட்டார் சொனாட்டா இத்தகைய அடிகளைத் தன் கட்டமைப்பிலேயே ஏற்றுக்கொண்டு, மலாம்போ என்னும் ஆட்டத்தின் வேகத்தோடு முடிகிறது. கச்சேரி அரங்கின் மிகக் கட்டுக்கோப்பான மரபுகூடத் தட்டலை வெளியே நிறுத்தியதில்லை.

ஆனால் தட்டலை ஓர் இலக்கணமாகவே வளர்த்தது தென்ஸ்பெயினின் ஃபிளமெங்கோ. அங்கே பாடகருக்கும் ஆடுபவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் கிட்டார் கலைஞர் தாளச் சுற்றின் காவலர். 'சொலெயா' வகையில் பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட சுற்று ஓடுகிறது. 3, 6, 8, 10, 12 ஆகிய எண்ணிக்கைகளில் அழுத்தம் விழும். அந்த அழுத்தங்களை நிலைநிறுத்த வலக்கையின் மோதிர விரல் முதல் தந்திக்குக் கீழே மேற்பலகையைத் தட்டுகிறது. அதே கணத்தில் பெருவிரலோ சுட்டுவிரலோ தந்தியை மீட்டுகிறது. 'கோல்பே' எனப்படும் இந்த அடி மீட்டலோடு ஒட்டிப் பிறப்பதால் கேட்பவர் காதில் இரண்டும் ஒரே ஒலியாகச் சேர்கின்றன. இதற்கென்றே பலகையின் மேல் 'கோல்பெயடோர்' என்ற மெல்லிய காப்புத் தகடு ஒட்டப்படுகிறது. ஃபிளமெங்கோ கிட்டார்களின் முதுகையும் பக்கங்களையும் இலகுவான சைப்ரஸ் மரத்தில் செய்யும் மரபும், தந்திகளைப் பலகைக்கு நெருக்கமாக வைப்பதும், ஓசை பளிச்சென்று எழுந்து சீக்கிரம் அடங்குவதற்கு உதவுகின்றன. பாகோ தெ லூசியா பெரு நாட்டிலிருந்து 1970களின் பிற்பகுதியில் கஹோன் என்ற மரப்பெட்டி முரசைக் கொண்டுவந்து ஃபிளமெங்கோவில் சேர்த்தார். அதற்கு முன் அந்தக் கலை தன் தாளத்துக்குக் கைதட்டல், ஆடுபவரின் கால்தட்டல், கிட்டாரின் மேல் விழும் விரல் ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருந்தது. ஒரு மரப்பெட்டி வந்து சேரும்வரை அந்த வேலையைச் செய்துவந்தது இன்னொரு மரப்பெட்டி.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே கதை வேறு காரணங்களால் நிகழ்ந்தது. மிசிசிப்பி டெல்டாவின் சார்லி பாட்டன் 1929இல் இசைத்தட்டுப் பதிவுகளைத் தொடங்கியபோது, பாடிக்கொண்டே தந்தியைப் பிடித்து இழுத்துச் சுண்டுவதும், பெட்டியைத் தட்டுவதும், காலால் தரையை மிதிப்பதும் அவருடைய பாணியாகவே இருந்தன. இதை விளக்கப் பலர் அடிமைமுறைக் காலத்துத் தடைகளைச் சுட்டுவார்கள். 1739இல் நடந்த ஸ்டோனோ அடிமைக் கிளர்ச்சிக்குப் பின் தென் கரோலினா 1740இல் இயற்றிய சட்டம் கறுப்பின அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது உண்மை. முரசு பறிக்கப்பட்ட இடத்தில் தாளம் உடம்புக்கும் வேறு கருவிகளுக்கும் குடிபெயர்ந்தது என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் அங்கிருந்து டெல்டா புளூஸுக்கு நேர்கோடு போட முடியாது. வடக்கு மிசிசிப்பியில் குழலும் முரசும் சேர்ந்த கறுப்பினக் குழுக்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இயங்கின. நெருக்கமான காரணம் தொழில் சார்ந்தது. சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு ஒருவர் மட்டுமே கிட்டாரோடு வந்தால், ஆடுவோரின் காலுக்குத் தாளம் கொடுக்க வேண்டியதும் அவரே. கூலி ஒருவருக்குத்தான், வேலை மூவருடையது.

இந்த மரபுகளில் இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் என் வாதத்தின் எல்லை தெளிவாகும். 1934இல் பாரிசில் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் அமைத்த ஐவர் குழுவில் டிரம் கிடையாது. உடன் வாசித்த இரண்டு கிட்டார்களும் ஒவ்வொரு கார்டையும் அடித்த கையோடு அடக்கி, இரண்டாம் நான்காம் எண்ணிக்கைகளில் குறுக்கி வெட்டி, டிரம்மின் இடத்தை நிரப்பின. 1958இல் பிரேசிலின் ஜோவாவோ ஜில்பெர்ட்டோ பதிவுசெய்த பாடல்களில் சாம்பா ஊர்வலத்தின் பெரிய முரசைப் பெருவிரலும், சிறு பறைகளின் குறுக்கடிகளை மற்ற விரல்களும் ஏற்றுக்கொண்டன. இந்த இரண்டு இடங்களிலும் யாரும் கிட்டார் பெட்டியைத் தட்டி இதைச் செய்யவில்லை. தாளக்கருவியாக இருப்பதற்கு அறைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நேரத்தைப் பங்கிட்டு, எந்த ஒலி எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானிப்பதே தாளத்தின் உயிர். பெட்டியில் விழும் அடி அந்தப் பெரிய வேலையின் ஒரு கருவி மட்டுமே. இதை மறந்தவர்கள் கையில்தான் அடி வெறும் சத்தமாகிறது.

இடக்கையின் விடுதலை

இன்றைய வடிவம் உருவானது 1980களின் அமெரிக்காவில். பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் இசையமைப்புப் படித்த மைக்கேல் ஹெட்ஜஸ் (1953–1997), 1984இல் விண்டம் ஹில் நிறுவனத்தின் மூலம் 'ஏரியல் பவுண்டரீஸ்' இசைத்தட்டை வெளியிட்டார். அதன் தலைப்புப் படைப்பைக் கேட்டவர்கள் ஒரே கிட்டாரில் இது எப்படி முடிந்தது என்று திகைத்தார்கள். அதன் சூட்சுமம் ஒரு வேலைப் பங்கீடு. வழக்கமான வாசிப்பில் இடக்கை தந்தியை அழுத்தும், வலக்கை மீட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சுரம் பிறக்கும். ஹெட்ஜஸ் தந்திகளின் சுருதியை மாற்றி, இடக்கையின் ஹேமர்-ஆன், புல்-ஆஃப் அடிகளாலேயே தாழ்ந்த தந்திகளில் ஒரு சுழற்சியை ஓடவிட்டார். இடக்கை தனியாக ஒலி எழுப்பத் தொடங்கியதும் வலக்கைக்கு விடுதலை கிடைத்தது. அது மெட்டை மீட்டலாம், ஃபிரெட்டுகளின் மேல் அடிக்கலாம், ஹார்மோனிக்ஸை அறையலாம், பெட்டியைத் தட்டலாம். அந்தப் படைப்பில் பெட்டியில் விழும் அடிகளைவிடத் தந்திகளில் விழும் அடிகளே மிகுதி. தாளம் மெட்டுக்கு மேல் பூசிய பூச்சாக அங்கே இல்லை. மெட்டு பிறப்பதே அடியில். தம்மை முதலில் இசையமைப்பாளராகவே கருதிய ஒருவரிடமிருந்து இது வந்தது தற்செயலன்று.

அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பிரெஸ்டன் ரீட் மறுமுனையிலிருந்து இதே இடத்துக்கு வந்தார். அவருடைய கவனம் பெட்டியின் மேல் இருந்தது. இடக்கையை நெக்கின் மேற்புறமாகக் கொண்டுவந்து தந்திகளை அழுத்துவது, இரு கைகளும் மாறி மாறித் தந்திக்கும் மரத்துக்கும் தாவுவது என, டிரம் வாசிப்பவரின் கைப் பங்கீட்டைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தவர் அவர். கனடாவின் டான் ராஸ், அயர்லாந்து வம்சாவளியினரான எரிக் ரோஷ், ஜப்பானின் கோட்டாரோ ஒஷியோ, அமெரிக்காவின் காக்கி கிங் எனப் பலரும் இந்த இரு ஊற்றுகளிலிருந்தும் எடுத்துத் தத்தம் வழியில் வளர்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் டாமி இமானுவேல் மெட்டு வாசிப்பில் பேர் பெற்றவர். ஆனால் டிரம் வாசிக்கும் பிரஷ்ஷால் பெட்டியின் மேல் நீண்ட தனித் தாளம் வாசிப்பது அவருடைய கச்சேரிகளின் ஓர் அங்கம். மெக்சிகோவின் கப்ரியேலா கின்டெரோ, தம் இசை இணையான ரோட்ரிகோவின் மெட்டுக்கு அடித்தளமாக, நைலான் தந்திக் கிட்டாரில் வீச்சடியையும் பெட்டித் தட்டலையும் பிரிக்க முடியாதபடி பின்னினார். மெட்டல் இசையில் வளர்ந்த இந்த இருவர் குழு 2020இல் கிராமி விருது பெற்றது.

காணொளிக் காலம்

2006இன் இறுதியில் கான்சாஸ் மாநிலத்தின் ஆண்டி மெக்கீ 'டிரிஃப்டிங்' என்ற தம் படைப்பை வாசிக்கும் காணொளியைக் கேண்டிராட் நிறுவனம் யூடியூபில் ஏற்றியது. கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட அந்தக் காணொளி ஒரு தலைமுறையின் கைகளை மாற்றியது. இங்கே ஒரு நுட்பமான காரியம் நடந்தது. ஹெட்ஜஸின் இசையைப் பெரும்பாலோர் முதலில் இசைத்தட்டில் கேட்டார்கள். கை என்ன செய்கிறது என்று தெரியாமலேயே இசை அவர்களைப் பிடித்துக்கொண்டது. 2006க்குப் பின் வந்தவர்கள் கையை முதலில் பார்த்தார்கள். கற்பவருக்கு இது பெரும் பேறு. எந்த விரல் எங்கே விழுகிறது என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நல்ல ஆசிரியர் இல்லாத ஊரிலும் முறை போய்ச் சேர்ந்தது. அதே காரணத்தால் கண்ணுக்கு வியப்பூட்டும் அசைவுகளுக்கு விலை கூடியது. முதல் சில வினாடிகளுக்குள் பார்வையாளரை நிறுத்தியாக வேண்டிய இடத்தில், மெல்ல வளரும் மெட்டைவிட உயர்ந்து விழும் கைக்கே கவனம் கிடைக்கும். இந்த முறையைப் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை இந்தப் பரிமாற்றத்தின் விளைவுகள். ஆகவே அவை காணொளிச் சந்தையின் குறைகளே தவிர, நானூறு ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு வாசிப்பு முறையின் குறைகள் அல்ல.

மறுப்புகளும் விடைகளும்

இது வித்தை காட்டும் வேலை என்பது முதல் மறுப்பு. இதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. வெறும் வித்தையாக வாசிப்போர் இருக்கிறார்கள். ஆனால் வித்தை எது, இசை எது என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு அந்த அடிகளை நீக்கிவிட்டு மனத்துக்குள் மீண்டும் வாசித்துப் பார்க்க வேண்டும். சொலெயாவில் கோல்பேயை நீக்கினால் சுற்று அறுந்துவிடாது. ஆனால் வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்பது மங்கிவிடும். 'ஏரியல் பவுண்டரீஸ்' படைப்பில் அடிகளை நீக்கினால் மிஞ்சுவதற்கு ஏதுமில்லை. பெருவிரல் அறை நீங்கினால் கார்டுகள் ஒன்றோடொன்று கலந்து குழையும். இந்த மூன்று இடங்களிலும் அடிக்கு வேலை இருக்கிறது. மாறாக, அடிகளை நீக்கியும் இசையில் எதுவும் மாறவில்லை என்றால், அல்லது முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்றால், அங்கே விழுந்தவை அலங்காரம். அலங்காரம் எல்லாக் கருவியிலும் உண்டு. வயலினில் தேவையற்ற வேகம் இருப்பதால் வேகமே வயலினுக்கு ஆகாது என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது: கிட்டார் எவ்வளவு முயன்றாலும் மோசமான டிரம்தான், நல்ல டிரம் கலைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டால் போயிற்று. ஓசையின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இது சரி. ஒரு மரப்பெட்டி ஸ்நேர் டிரம்மின் பளிச்சிடலையோ சிம்பலின் நீட்சியையோ எட்டாது. ஆனால் இருவர் சேர்ந்து வாசிக்கும்போது தாளமும் மெட்டும் இரண்டு மனங்களிலிருந்து வருகின்றன. எவ்வளவு ஒத்திசைந்தாலும் அது உரையாடல். ஒரே கையில் இரண்டும் பிறக்கும்போது, மெட்டு நெகிழும் இடத்தில் தாளமும் சேர்ந்தே நெகிழ்கிறது. பாடகர் ஒரு சொல்லை நீட்டினால் ஃபிளமெங்கோ கிட்டாரின் அடி அதோடு காத்திருந்து விழுகிறது. இந்த ஒருமை இருவர் வாசிப்புக்கு மாற்றல்ல, வேறு ஒரு சுவை. இதே காரணத்தால், தட்டலை முதலில் பதிவுசெய்து லூப் கருவியில் சுழலவிட்டு, அதன் மேல் மெட்டை வாசிப்பதை நான் வேறு கலையாகவே கருதுவேன். அதற்கு அதன் பயன் உண்டு. ஆனால் சுழலும் பதிவு நெகிழாது.

சுரவளம் குன்றுகிறது என்பது மூன்றாவது. இதில் உண்மை அதிகம். சுருதி மாற்றிய தந்திகளில் ஒரு கார்டைச் சுற்றியே வாசிப்பது எளிது. தட்டப் போகும் கையால் சிக்கலான கார்டுகளைப் பிடிக்க முடியாது. அதனால் இந்தப் பாணியின் படைப்புகள் பல ஒரே சுருதியில் ஒரே மாதிரியாக ஒலிக்கின்றன. சிறந்தவர்கள் இந்த எல்லையை அறிந்தே அதைத் தாண்ட வழி தேடியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஜான் காம் பாஞ்சோவில் பயன்படும் ஒரு வகைத் திருகாணிகளைக் கிட்டாரில் பொருத்தி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே தந்தியின் சுருதியைத் துல்லியமாக மாற்றுகிறார். அந்தச் சறுக்கலே மெட்டின் பகுதியாகிறது. ஹினாஸ்டெராவோ வழக்கமான ட்யூனிங்கை வைத்துக்கொண்டே அடியையும் சிக்கலான சுரக்கூட்டையும் இணைத்துக் காட்டினார். எல்லை உண்டு என்பது முறையைக் கைவிடக் காரணமாகாது. படைப்பவருக்கு வேலை மிச்சமிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

ஒலிபெருக்கி இல்லாமல் இது நிற்காது, ஆகவே இது உண்மையான அகௌஸ்டிக் வாசிப்பே அல்ல என்று சொல்வோரும் உண்டு. பிரிட்ஜுக்கு அடியில் வைக்கும் பிக்அப் தந்தியின் அதிர்வையே முதன்மையாகப் பிடிக்கும். பெட்டியின் முழக்கம் அதில் மெலிந்து போகும். அதனால் பலகையின் உட்புறம் ஒட்டும் பிக்அப், ஒலித்துளையில் பொருத்தும் காந்த பிக்அப், உள்ளே வைக்கும் சிறு மைக் என்று இரண்டு மூன்றைக் கலந்து மேடையில் பயன்படுத்துகிறார்கள். தாழ்ந்த 'தும்' ஓசை அரங்கை நிரப்புவது இந்தக் கலவையால்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பாணிக் கலைஞர்களைப் பேட்டி கண்டு 2020இல் வெளியிட்ட ஆய்வும், கிட்டாரை இப்படி விரிவாக்கும் உழைப்பை ஒரு புதிய கருவியை வடிவமைக்கும் முயற்சியோடு சேர்த்தே பார்க்கிறது. இருந்தாலும் ஒலிபெருக்கி கூட்டியது அளவை. முறையை அது படைக்கவில்லை. ஃபிளமெங்கோவின் கோல்பே மின்சாரம் வருவதற்கு முன்பே சிறு அரங்குகளில் கேட்டது. பாட்டனின் தட்டல் ஒற்றை மைக்கின் முன்னால் பதிவானது.

கருவி பாழாகும் என்ற அச்சம் கிட்டார் வாங்கக் கஷ்டப்பட்ட எவருக்கும் நியாயமானது. 3 மில்லிமீட்டர் பலகையை ஓங்கிக் குத்தினால் விரிசல் விழும். உள்சட்டத்தின் ஒட்டு விடும். ஆனால் நல்ல வாசிப்புக்கு அவ்வளவு விசை தேவையில்லை. பலகை மெல்லியது என்பதாலேயே சிறு தட்டலுக்கும் அது பதில் தரும். கையின் எடை தளர்வாக விழுந்தால் போதும். ஓரங்களும் சட்டம் உள்ள இடங்களும் உறுதியானவை. நடுப்பகுதியில் உள்ளங்கையின் மென்மையான பகுதி மட்டும் படலாம். காப்புத் தகடு ஒட்டிக்கொள்ளும் வழியை ஃபிளமெங்கோ எப்போதோ காட்டிவிட்டது. தட்டாமல் வாசித்தாலும் மரம் தேயத்தான் செய்யும்: அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இலிருந்து வாசிக்கும் மார்ட்டின் கிட்டாரில், பிக் உரசி உரசியே ஒலித்துளைக்குக் கீழே இன்னொரு பெரிய துளை விழுந்துவிட்டது. அந்தக் கிட்டார் இன்னும் மேடையேறுகிறது.

கடைசி மறுப்பு எதிர்காலம் பற்றியது. எழுதி வைக்க முடியாத முறை மரபாகாது என்கிறார்கள். இந்தப் பாணிக்கு எல்லோரும் ஏற்ற குறியீடு இன்னும் இல்லை. ஃபிளமெங்கோ ஏடுகள் கோல்பேயை ஒரு சிறு சதுரத்தால் குறிக்கின்றன. இன்றைய ஃபிங்கர்ஸ்டைல் ஏடுகளில் ஒவ்வோர் ஆசிரியரும் தமக்கென்று ஒரு குறிப்பட்டியல் தருகிறார்கள். இது தடைதான், ஆனால் உயிர்போகும் தடையல்ல. நம் மிருதங்க மரபு பல தலைமுறைகளாகத் தன் அடிகளைச் சொற்கட்டுகளாக வாயில் வைத்தே காத்துவந்திருக்கிறது. எந்த விரல், எந்த இடம், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கிட்டாரின் 'தும்', 'சட்', 'டக்' ஆகியவற்றையும் அப்படி ஒழுங்குபடுத்திச் சொல்லிப் பழக முடியும். தாளத்தை வாயால் சொல்லிவிட்டே கைக்குக் கொண்டுவரும் பழக்கம் உள்ள தமிழ் மாணவர்களுக்கு இது மிக இயல்பாக வரும்.

முடிவு

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால், கிட்டாரைத் தட்டி வாசிப்பது இடையில் வந்து ஒட்டிய புதுமை அல்ல என்பது உறுதியாகிறது. தாளத்துக்கு வேறு ஆளில்லாத இடங்களில் அந்தப் பொறுப்பைத் தாங்கிய ஒரு கருவி, ஹெட்ஜஸ், ரீட் ஆகியோருக்குப் பின் அந்தப் பொறுப்பையும் மெட்டையும் ஒரே அசைவில் சேர்க்கக் கற்றுக்கொண்டது. அது வென்ற இடங்களிலெல்லாம் அடி இசை வாக்கியத்தின் உறுப்பாக இருந்திருக்கிறது. தோற்ற இடங்களிலெல்லாம் அது வாக்கியத்துக்கு வெளியே நின்று தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: மாணவர் கேட்டவுடன் பெட்டித் தட்டலில் தொடங்க வேண்டாம். காலால் தாளம் பிடிக்கவும், அடித்த கார்டை நினைத்த எண்ணிக்கையில் அடக்கவும், பெருவிரல் அறையை மெட்டோடு சேர்க்கவும் முதலில் பழக்குங்கள். இந்த மூன்றும் கைவந்தவருக்குப் பெட்டியின் ஓசைகள் சில மாதங்களில் வசப்படும். கற்பவர்களுக்கும் ஒரு சொல்: பிடித்த காணொளியைக் கை அசைவுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால் வாசிக்க உட்காரும் முன் ஒருமுறையாவது திரையை மூடிவிட்டு, காதால் மட்டும் அதைக் கேளுங்கள். உங்கள் கை எந்த அடியைக் கடன் வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைக் காது சொல்லிவிடும்.